களப்புக்கரைக்கு ஒரு டொக்டர்

அக்கா யாருக்காவது வாக்குக் கொடுத்தால் தன் இடது உள்ளங்கையில் பேனையால் ஒரு புள்ளி வைப்பார். காரியம் முடியும்வரை அந்தக் கையில் சவர்க்காரம் படவிடமாட்டார். சில நாட்களில் அந்தக் கை அம்மை போட்ட முகம்போல இருக்கும். பக்கத்து வளவில் இறால் விற்கும் பெண்ணின் குதிவெடிப்புக்குக் களிம்பு, என் தங்கைக்கு ஊதா நிறத் தலைப்பட்டி, முன்வீட்டுக் கிழவருக்குக் கண்ணாடிக் கம்பி என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஆள் இருந்தார். "அது என்ர பொறுப்பு" என்பார். அதைக் கேட்டவர் அப்போதே பாதி சுகமானவர்போல எழுந்து போய்விடுவார்.

அவருடைய பெயரை எழுதினால் இது முறைப்பாடாகிவிடும். முறைப்பாடு செய்யக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை எங்கள் வீடு விட்டுவிட்டது. ஆகையால் அக்கா என்றே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணமே சண்டைக்குப் பயந்து வன்னிக்கு நடந்து வந்த அந்த மழைக்காலத்தில் எங்கள் பள்ளிக்கூடம் முழுக்கச் சனம். ஐயா பின்னேரம் களப்பில் மீன்பிடித்துவிட்டு வரும் வழியில் அங்கே எட்டிப் பார்த்தார். வாசற்படியில் ஒரு பெண்பிள்ளை நனைந்துகொண்டு இருந்ததாம். கையில் குடை இருந்ததாம். குடையைத் தனக்குப் பிடிக்காமல் மடியிலிருந்த புத்தகத்துக்குப் பிடித்திருந்ததாம். ஐயாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டுக்கு வந்து வலையைக்கூட இறக்காமல் அம்மாவிடம் சொன்னார்:

"புத்தகத்துக்குக் குடை பிடிக்கிற பிள்ளையை நான் இப்பதான் காணுறன். அதுகளைக் கூட்டிக்கொண்டு வரப்போறன்."

அன்றே அக்காவும் அவருடைய தாய் தகப்பனும் எங்கள் வளவுக்கு வந்தார்கள். தகப்பன் வங்கியில் வேலை பார்த்தவர். வலை வைக்கும் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தோம். கூரையில் நீலத் தறப்பாள் போட்டோம். முதல் கிழமை முழுவதும் அவர்களுக்கு வலையின் மணம் ஒத்துவரவில்லை. அக்காவின் தாய் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சமைத்தார். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, "மணம் எண்டா என்ன, மூளை அதை ஒரு கிழமையில மறந்திடும். அதுக்கு ஒரு பேரிருக்கு, உனக்குச் சொல்லித்தாறன்" என்றார். சொல்லியும் தந்தார்.

அவர் என்னைவிட ஒரு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையை ஒருமுறை எழுதி, அங்குள்ள வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்திருந்தார். நான் எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். இருவருக்கும் ஒரே பாடம், உயிரியல். இருவருக்கும் ஒரே ஆசை, மருத்துவம். வளவின் மூலையில் நின்ற பாலைமரத்தின் கீழ் இரண்டு மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுப் படித்தோம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் என்று ஒரு அறை இருந்தது. பூட்டியிருந்த அந்த அறையைத் திறந்தால் உள்ளே உடைந்த கதிரைகள்தான். நுணுக்குக்காட்டியை நான் படத்தில் மட்டுமே கண்டிருந்தேன். அக்கா வெங்காயத்தின் உட்தோலை உரித்து வெயிலுக்குப் பிடித்துக் காட்டி, அதற்குள் செங்கல் அடுக்கியதுபோல் கலங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓரமாக ஒரு கரு ஒட்டியிருக்கும், கண்ணாடியை அசைத்தால் எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடும் என்று விவரித்தார். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நேரில் கண்டவனைப்போல எழுதினேன். அவர் இல்லாவிட்டால் நான் அவ்வளவுகூட எழுதியிருக்கமாட்டேன் என்பதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

அந்த வெங்காயத் தோலை வைத்துக்கொண்டே அவருக்குக் கோபமும் வரும். "பரீட்சை மட்டும் எல்லாருக்கும் ஒண்டு. நுணுக்குக்காட்டி எங்களுக்கு, படம் உங்களுக்கு. பிறகு வன்னிப் பிள்ளையள் படிக்காதுகள் எண்டு கதை" என்பார். எனக்குத் தோன்றாத கோபம் அது. எங்களுக்காக ஒருவர் கோபப்படுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பல்கலைக்கழகம் என்பது அங்கே போகிறவனுக்காக மட்டும் கட்டப்பட்டதல்ல, அவன் எந்த ஊரிலிருந்து போனானோ அந்த ஊருக்காகவும்தான் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். படித்தவர் திரும்பி வராத ஊரில் பள்ளிக்கூடம் இருப்பது ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் அள்ளுவதுபோல என்றார். நான் அதை மனதில் எழுதிக்கொண்டேன். இன்றும் அதில் பிழை காணமுடியவில்லை.

அம்மாவுக்கு இழுப்பு. மாரி தொடங்கினால் மூச்சு விசிலடிக்கும். கிட்ட இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு டொக்டர் வருவார், பிறகு மாற்றலாகிப் போவார், அடுத்தவர் வருமுன் அந்த மாரி முடிந்துவிடும். ஒருமுறை அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து நான் உழக்க, அக்கா பின்னால் ஓடிவந்து முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். அன்று டொக்டர் இல்லை. மருந்து கலக்குகிறவர் ஒரு குளிசை கொடுத்தார். திரும்பி வந்ததும் அக்கா ஒரு தடியை எடுத்து முற்றத்து மணலில் ஆஸ்பத்திரி கீறத் தொடங்கினார். எங்கள் சந்தியில், வேம்புக்குப் பக்கத்தில். இது நோயாளர் இருக்கும் வாங்கு, இது மருந்து கொடுக்கும் இடம், இது பிள்ளை பெறும் அறை, இழுப்புக்காரருக்குக் களப்புப் பக்கமாக ஒரு விறாந்தை.

"ஐயோ பிள்ளை, களப்புக் காத்துப் பட்டாத்தானே எனக்கு இழுக்கிறது" என்றார் அம்மா, அந்த மூச்சோடும்.

அக்கா அந்த விறாந்தையைக் காலால் அழித்து வீதிப் பக்கமாகக் கீறினார். "சரி மாமி. உங்களுக்குத்தான் முதல் மருந்துத் துண்டு எழுதுவன். அது என்ர பொறுப்பு." புள்ளி வைத்தார்.

அந்த ஆஸ்பத்திரிமேல் கோழி நடக்க அம்மா விடவில்லை. கூட்டும்போதும் சுற்றிக் கூட்டினார். மழை வந்து அழித்தபோது அக்கா மறுபடியும் கீறினார், இன்னும் ஒரு அறை கூட்டி.

அக்கா பொய்க்காரி அல்ல. சின்ன வாக்கு ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. எங்களைச் சாய்த்தது அதுதான். ஒருமுறை எனக்கு விலங்கியலில் ஒரு பாடம் கிடைக்கவில்லை. புதுக்குடியிருப்பில் ரியூசன் நடத்துகிற ஒருவரிடம் அந்தப் புத்தகம் இருந்தது, ஆனால் வெளியே கொடுக்கமாட்டார். அக்கா கொட்டும் மழையில் சைக்கிளில் போய், அவர் வீட்டு விறாந்தையில் இருந்து முழுப் பாடத்தையும் படத்தோடு பார்த்தெழுதிக்கொண்டு வந்தார். தாளெல்லாம் பொலித்தீனுக்குள் இருந்தது. அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். "இஞ்ச பார், ஈரலில ஒரு கோடு விட்டுட்டன், நீ போட்டுக்கொள்" என்றார், போர்வைக்குள்ளிருந்து. இப்படி ஒரு ஆள் பெரிய வாக்கொன்றைத் தந்தால் நீங்கள் நம்பமாட்டீர்களா?

எங்களைப்போன்ற மாவட்டங்கள் பின்தங்கியவை என்பதால் பல்கலைக்கழகத்துக்கு எங்களுக்கு வெட்டுப்புள்ளி குறைவு. ஆய்வுகூடம் இல்லாத பிள்ளைக்கு அரசு கொடுக்கும் நட்டஈடு என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவத்துக்கு எங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கப்படும் இடங்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். அந்த இடத்துக்குப் போட்டியிட, மாவட்டத்தில் மூன்று வருடம் இருந்து படித்திருக்க வேண்டும். அக்காவுக்குச் சில மாதங்கள் குறைந்தன. இடப்பெயர்வுக்கு முன்பே எங்கள் வீட்டில் வந்து தங்கிப் படித்தவர் என்று வீட்டுக்காரர் ஒருவர் கிராம அலுவலரான விதானையாரிடம் வந்து சொன்னால் அந்தக் குறை தீரும். அக்காவின் தாய் அம்மாவிடம் கேட்டார். அம்மா ஐயாவிடம் சொன்னார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பாலைமரத்தின் கீழ் இருந்து படித்துக்கொண்டிருந்தார், தாளைப் புரட்டாமல்.

இங்கே ஐயா விட்ட பிழையைச் சொல்லவேண்டும். களப்பில் வலை கட்டும் இடங்களுக்கு முறை உண்டு. நல்ல இடம் இன்று ஒருவனுக்கு, நாளை அடுத்தவனுக்கு. முறை வந்தவன் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்காது, பக்கத்தில் நிற்கிறவன் இறங்குவான். தண்ணீரை வெறுமனே விடுவது எங்கள் கரையில் பாவம். பல்கலைக்கழக இடமும் அப்படித்தான் என்று ஐயா நினைத்தார். "இந்த முறை அவா போகட்டும், அடுத்த முறை இவன் போவான். அவா போகாட்டி இவன் இறங்குவான்தானே" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் திருத்தவில்லை. எனக்கும் அவருக்கும் ஒவ்வொரு இடம் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். இடங்கள் எத்தனை, யார் யார் எழுதுகிறார்கள், யார் எந்தப் பாடத்தில் எப்படி என்பதெல்லாம் எங்கள் வளவில் விரல்நுனியில் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான்.

விதானையாரின் கந்தோருக்கு ஐயா வேட்டி மாற்றிக்கொண்டு போனார். நானும் அக்காவும் பின்னால் நின்றோம்.

"எப்ப தொடக்கம் உன்ர வீட்டில இருக்கிறா?" என்று விதானையார் கேட்டார்.

ஐயா தோள் சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு, "அம்மாளாச்சி அறிய இந்தப் பிள்ளை என்ர வீட்டுப் பிள்ளை" என்றார்.

"நான் மாதம் கேக்கிறன், நீ சத்தியம் பண்ணுறாய்."

"சத்தியத்துக்கு மேல மாதம் என்னத்துக்கு, விதானையார்?"

வற்றாப்பளை அம்மனின் பேரைச் சொன்னபின் எங்கள் கரையில் இரண்டாவது கேள்வி கிடையாது. வலை களவுபோன வழக்குக்கூட அந்தச் சொல்லோடு முடியும். பொய்ச் சத்தியம் செய்தவன் மறுபடி களப்பில் இறங்கமாட்டான் என்பது எங்கள் பயம். விதானையார் சிரித்துக்கொண்டே எழுதி முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் அக்கா ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாமா, நான் படிச்சு முடிச்சு இஞ்சதான் வருவன். வேற எங்கயும் போகன். அது என்ர பொறுப்பு." ஐயா வெட்கப்பட்டு, மீன் மணக்கிறது பிள்ளை என்று கையை இழுத்துக்கொண்டார்.

பெறுபேறு வந்தது. மாவட்டத்துக்குரிய கடைசி இடம் அக்காவுக்கு. அதற்கடுத்த பெயர் என்னுடையது.

எங்கள் உயிரியல் ஆசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் இந்த ஊரவர். சைக்கிளைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே கதைத்தார். "அந்தப் பிள்ளைக்கு மூண்டு வருசம் இல்லை எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு மனுப் போடுங்கோ. அந்த இடம் இவனுக்கு வரும். இது இவன்ர இடமெண்டு நான் சொல்லேல்ல. இந்த மாவட்டத்துக்குத் தந்த இடம்."

ஐயா முற்றத்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அம்மாளாச்சி அறியச் சொன்னனான், மாஸ்ரர்."

"சொன்னது பிழையெண்டு சொல்லலாம்தானே."

"சொல்லிப்போட்டு நாளைக்கு எந்தக் காலோட தண்ணிக்குள்ள இறங்கிறது?"

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா என்னைப் பார்க்காமல், "ஆர் படிச்சா என்ன மோனை, டொக்குத்தர் இந்தக் கரைக்கு வந்தாச் சரி" என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. அக்கா எனக்குச் சொல்லித்தந்த அதே நியாயம்தான். ஊருக்காகத்தான் படிப்பு என்றால், ஊருக்கு வரப்போகிறவர் யாராக இருந்தால் என்ன? எனக்கு அது சரியாகவே பட்டது. நெஞ்சு கொதித்தது வேறு விசயம்.

கொட்டிலுக்குள் அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். தகரக் கதவு அவ்வளவு மெல்லியது. வெளியே வரவில்லை. மறுநாள் வந்து, "உனக்கும் சேர்த்துத்தான் நான் படிக்கிறன் தம்பி" என்றார். அம்மா கருவாடும் காய்ந்த இறாலும் கட்டிக்கொடுத்தார். வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, வவுனியா போய், அங்கிருந்து தெற்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு தாய் தகப்பனும் வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். கொட்டிலுக்குள் மறுபடி வலை வைத்தோம்.

நான் இன்னொருமுறை எழுதினேன். அந்த முறை, எங்கள் ஊர்களின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களும் குறைந்த வெட்டுப்புள்ளிக்காக எங்கள் மாவட்டத்தில் எழுதினார்கள். எனக்கு வேறொரு பாடநெறி வந்தது. அம்மாவின் இழுப்பை நினைத்து நான் போகவில்லை. இப்போது புதுக்குடியிருப்பில் தொண்டர் ஆசிரியனாக உயிரியல் படிப்பிக்கிறேன். வெங்காயத் தோலை வெயிலுக்குப் பிடித்துக் காட்டுகிறேன்.

போன மாரியில் அம்மாவின் மூச்சு மிகவும் மோசமாகி, வவுனியா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார்கள். எப்படியோ பாஸ் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் காட்டி முடிந்ததும் அம்மா ஒரே பிடியாக நின்றார், பிள்ளையின் வீட்டைக் கண்டுபிடி, லீவில் வந்திருந்தாலும் வந்திருக்கும் என்று. விசாரித்து விசாரித்துப் போனோம். மாடிவீடு. கதவைத் திறந்தது அக்காவேதான். அம்மாவைக் கட்டிப்பிடித்தார். கொஞ்சம் நிறம் ஏறியிருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த தாய்தான் சொன்னார். கனடாவில் மாப்பிள்ளை, நல்ல இடம், அடுத்த மாதம் பயணம். அம்மா, சந்தோசம், சந்தோசம் என்றார். பிறகு, "அப்ப படிப்பு முடிஞ்சுதே?" என்று கேட்டார்.

தாய் தேத்தண்ணிக் கோப்பைகளை நகர்த்தி வைத்தார். நான் கேட்டேன். "அக்கா, அந்த இடம்?"

"முதல் வருசத்தோட நிப்பாட்டிட்டன், தம்பி."

"அது இல்லை. அந்த இடத்துக்கு இனி ஆர்?"

அவருக்கு விளங்கியது. "ஒருத்தரையும் எடுக்கமாட்டினம். வெறுமையாத்தான் கிடக்கும்." அவர் பொய் சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு அவசரமாக, அங்கே போய் மேலே படிக்கலாம், காசு சேர்த்து அனுப்பலாம், எங்கள் சந்தியில் சின்னதாக ஒரு கிளினிக் போடலாம், இரண்டு டொக்டர்மாரைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். எத்தனை அறை, கூரை எப்படி என்பதுவரை சொன்னார். சொல்லும்போது அவருடைய முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. சொல்வதை அவர் முழுமனதோடு நம்பினார். எனக்குப் பயமாக இருந்தது அதுதான். கை மேசையில் பேனையைத் தேடியது. அங்கே கலியாண அழைப்பிதழ்கள் மட்டும் கிடந்தன.

படியேறிய களையில் அம்மாவுக்கு இழுக்கத் தொடங்கியது. அக்கா உள்ளே ஓடிப்போய் ஒரு ஸ்ரெதஸ்கோப் எடுத்துவந்தார். புதுசு. அதை அம்மாவின் முதுகில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். முதல் வருடத்தோடு நின்றவருக்கு அதில் என்ன கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மா, சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு ஊசி போடும்போது கையை நீட்டிக்கொண்டிருப்பவரைப்போல, பொறுமையாக முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

புறப்படும்போது அக்கா அந்த ஸ்ரெதஸ்கோப்பை என் கையில் வைத்தார். "கொண்டுபோ. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் காட்டு. எனக்கு இனி..."

"கொண்டுபோகேலாது அக்கா" என்றேன்.

"ஏன்?"

அவர் உண்மையாகவே கேட்டார். மருந்துச் சாமான் எதுவும் எங்கள் பக்கம் போகவிடாமல் இராணுவச் சாவடியில் மறிப்பார்கள் என்பது வன்னியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கட்டுப் பஞ்சுக்கு எங்களோடு சேர்ந்து அந்தச் சாவடிகளைத் திட்டியவர் அவர். இப்போது அது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. மூளை அதை ஒரு வருடத்தில் மறந்துவிட்டிருந்தது.

நான் அதைக் கதிரையில் வைத்துவிட்டு அம்மாவைக் கைப்பிடித்துப் படியிறக்கினேன்.

சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்து விட்டார்கள். எங்கள் பக்கத்துக்கு வந்து லொறியில் ஏறி இருந்தபிறகுதான் அம்மா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். "உன்ர ஐயாவுக்குச் சொல்லாதை. சத்தியம் பண்ணின மனிசன். தண்ணியில இறங்கமாட்டுது."

ஐயா படலையடியில் நின்றார். அம்மாவின் மூச்சைப் பற்றிக் கேட்டார். மருந்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, "பிள்ளையைக் கண்டனியளோ? எத்தனையாம் வருசம் படிக்குதாம்?" என்றார்.

"ரெண்டாம் வருசம், ஐயா."

அது போன மாரி. ஐயா இப்போதும் கேட்கிறார். களப்பில் மற்றவர்களுக்குச் சொல்ல அவருக்குச் செய்தி வேண்டும். நான் சொல்கிறேன். உடலமைப்பியல் பாடம் கஷ்டமாம், ஆனால் பரீட்சையில் சித்தியாம். இனி ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்க விடுவார்களாம். நான் படிக்காத படிப்பை, அவர் விட்டுப்போன இடத்திலிருந்து, ஐயாவுக்காக நான் ஒவ்வொரு வகுப்பாக நடத்திக்கொண்டு போகிறேன். நேற்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டவர் நின்று, விரல் மடக்கிப் பார்த்து, "அப்ப இன்னும் கொஞ்சக் காலம்தான்" என்றார்.

ஓம் ஐயா, என்றேன்.